அலாரம் அடித்தால் ஏன் ‘வென்ட் ஆஃப்’? ஃபிரேசல் வெர்ப் பற்றி ஓர் எளிய அறிமுகம்

காலையில் அலாரம் அடித்தால் ஆங்கிலத்தில் ‘த அலாரம் வென்ட் ஆஃப்’. வெளியே வைத்த பால் கெட்டுப்போனால் ‘த மில்க் வென்ட் ஆஃப்’. கரண்ட் போய் விளக்கு அணைந்தால் ‘த லைட்ஸ் வென்ட் ஆஃப்’. குண்டு வெடித்தாலும் அதே ‘வென்ட் ஆஃப்’ தான். ஓரிடத்தில் சத்தம் ஆரம்பிக்கிறது, இன்னோரிடத்தில் வெளிச்சம் நிற்கிறது, சொல் மட்டும் மாறவில்லை. ‘கோ’ என்றால் போ, ‘ஆஃப்’ என்றால் நிறுத்து என்று படித்து வைத்திருப்பவருக்கு அலாரம் அடித்ததா, நின்றதா என்றே சந்தேகம் வரும். வருவது நியாயம்தான்.

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் வந்ததில்லை. 1755இல் தன் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் அதன் முன்னுரையிலேயே இதைச் சொல்லிவிட்டார். வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல்லை ஒட்டி அர்த்தத்தையே மாற்றிவிடும் பழக்கம் ஆங்கிலத்தில் அதிகம், வெளிநாட்டவர் மிகவும் திண்டாடுவது இதில்தான் என்பது அவர் கருத்து. ‘ஃபிரேசல் வெர்ப்’ என்ற பெயர் வந்தது ரொம்பப் பின்னால். 1925இல் லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர் அந்தப் பெயரை எழுத்தில் கொண்டுவந்தார். பெயரை எடுத்துக்கொடுத்தது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி. பெயர் இல்லாத காலத்திலும் ஊர்க்காரர்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு வினைச்சொல், அதன் பின்னால் ஒரு குட்டிச் சொல், இரண்டும் சேர்ந்தால் ஒரே வினை. அந்தக் குட்டிச் சொல்லுக்குத்தான் அட்வெர்ப் பார்ட்டிகிள் என்று பெயர். அப், டவுன், இன், அவுட், ஆன், ஆஃப், அவே, பேக், ஓவர் என்று அன்றாடம் புழங்குவது கொஞ்சம்தான். (ஒரு சின்ன ஏற்பாடு: இரண்டு எஃப் போட்டு எழுதுவதை ‘ஆஃப்’ என்றும், ஒரே எஃப் போட்டு எழுதுவதை ‘அவ்’ என்றும் இங்கே எழுதுகிறேன். உச்சரிப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான், இரண்டையும் ஒரே மாதிரி சொல்வது நம் பள்ளிக்கூடப் பழக்கம்.)

இது தமிழ்க்காரருக்குப் புரியாத ஏதோ விசித்திரம் என்று நினைக்க வேண்டாம். நாம் ‘விட்டுக்கொடு’ என்கிறோம். அதை ‘விடு’, ‘கொடு’ என்று பிரித்துப் பார்த்தால் நாம் சொல்ல வந்தது முழுசாகக் கிடைக்காது. ‘காட்டிக்கொடு’ இன்னும் மோசம்: தமிழ் படிக்க வந்த ஒருவர் ‘காட்டு’, ‘கொடு’ இரண்டையும் அகராதியில் தனித்தனியாகத் தேடினால் துரோகம் எந்தப் பக்கத்திலும் அகப்படாது. ‘நல்லா வாங்கிக் கட்டிக்கொண்டான்’ என்றால் அவன் எந்தக் கடைக்கும் போகவில்லை. அப்புறம் ‘எழுதினான்’ என்பதற்கும் ‘எழுதித் தள்ளினான்’ என்பதற்கும் எவ்வளவு தூரம்! நாம் வினைக்குப் பின்னால் இன்னொரு வினையை ஒட்டுகிறோம், இங்கிலீஷ்காரர்கள் திசை காட்டும் ஒரு துண்டுச் சொல்லை ஒட்டுகிறார்கள், வித்தியாசம் அவ்வளவுதான். ‘ஈட்’ என்றால் சாப்பிடு, ‘ஈட் இட் அப்’ என்றால் தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடி.

ஆகவே பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ‘கிவ் அப்’ என்றால் கைவிடு, ‘கிவ் இன்’ என்றால் பணிந்துபோ என்று மனப்பாடம் செய்வதைவிட, அந்தக் குட்டிச் சொல் என்ன வேலை செய்கிறது, வாக்கியத்தில் எங்கே உட்காரும் என்று பார்த்துவிடுவது மேல். முதலில் எங்கே உட்காரும் என்பது, ஏனென்றால் பிழை அதிகம் வருவது அங்கேதான்.

மலையும் பில்லும்

இரண்டு வாக்கியங்கள். ‘ஹி ரேன் அப் எ ஹில்’, மலை மேல் ஓடினான். ‘ஹி ரேன் அப் எ பில்’, கடையிலோ ஹோட்டலிலோ பில் எகிறும்படி செலவு வைத்தான். கண்ணுக்கு இரண்டும் ஒரே அச்சு. ஆனால் முதலாவதில் ‘அப்’ மலையோடு சேர்ந்தது: எங்கே ஓடினான், மலை மேல். அது பிரெபோசிஷன், பின்னால் ஒரு பெயர்ச்சொல் இருந்தே ஆகவேண்டும். இரண்டாவதில் ‘அப்’ வினையோடு சேர்ந்தது: என்ன செய்தான், ‘ரேன் அப்’ செய்தான், எதை, பில்லை. இதுதான் பார்ட்டிகிள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? பெயர்ச்சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘இட்’ போட்டுப் பாருங்கள். மலைக்கு ‘ஹி ரேன் அப் இட்’. பில்லுக்கு ‘ஹி ரேன் இட் அப்’. பிரெபோசிஷன் என்றால் ‘இட்’ அதற்குப் பின்னால் நிற்கும், பார்ட்டிகிள் என்றால் ‘இட்’ நடுவில் நுழைந்துவிடும். இந்த ஒரு சோதனை கையில் இருந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

‘லுக்’ குடும்பத்தில் போட்டுப் பார்க்கலாம். அகராதியில் ஒரு சொல்லைத் தேடினால் ‘லுக் இட் அப்’, ஆகவே ‘அப்’ இங்கே பார்ட்டிகிள். குழந்தையைக் கவனித்துக்கொண்டால் ‘லுக் ஆஃப்டர் ஹிம்’, ‘லுக் ஹிம் ஆஃப்டர்’ என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஆகவே ‘ஆஃப்டர்’ பிரெபோசிஷன். ‘லுக் ஃபார் இட்’, ‘லுக் இன்டு இட்’ இரண்டும் அதே கட்சி. நம் கைடு புத்தகங்கள் இதையெல்லாம் ஒரே மூட்டையில் கட்டி ஃபிரேசல் வெர்ப் என்று தந்துவிடும். கறாரான இலக்கண ஆசிரியர்கள் ‘லுக் ஆஃப்டர்’ வகையைத் தனியே பிரித்து பிரெபோசிஷனல் வெர்ப் என்பார்கள். பெயர் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும், ‘இட்’ எங்கே போகும் என்று தெரிந்தால் போதும்.

காதும் உதவும். ‘டர்ன் இட் ஆஃப்’ என்று ஆங்கிலேயர் சொல்லும்போது அழுத்தம் ‘ஆஃப்’ மேல் விழும். ‘லுக் அட் இட்’ என்னும்போது ‘லுக்’ மேல்தான் அழுத்தம், ‘அட்’ இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் நழுவிப்போகும். நாம் எல்லாச் சொல்லையும் ஒரே சீராக உச்சரிப்பதால் இந்தக் குறிப்பு நமக்குக் காதில் விழுவதே இல்லை.

எந்தச் சொல் எந்தக் கட்சி என்றால், ‘அட்’, ‘ஃப்ரம்’, ‘வித்’, ‘அவ்’ எல்லாம் பிரெபோசிஷன்தான். ‘அவே’, ‘பேக்’ எப்போதும் பார்ட்டிகிள்தான். ‘இன்’, ‘ஆன்’, ‘அப்’, ‘டவுன்’, ‘ஆஃப்’, ‘ஓவர்’ இரண்டு பக்கமும் போகும். ‘ஹி இஸ் இன் த ரூம்’ என்பதில் ‘இன்’ அறையைப் பிடித்துத் தொங்குகிறது. வாசலில் நின்று ‘இஸ் யுவர் ஃபாதர் இன்?’ என்று கேட்டால் அதற்கு எந்தத் துணையும் வேண்டாம், அப்பா வீட்டில் இருக்கிறாரா என்பதை ‘இன்’ ஒன்றே சொல்லிவிடுகிறது.

இப்போது பொருள், அதாவது செயப்படுபொருள் வரும் இடம். விளக்கை அணைக்கச் சொல்ல ‘டர்ன் ஆஃப் த லைட்’ என்றும் சொல்லலாம், ‘டர்ன் த லைட் ஆஃப்’ என்றும் சொல்லலாம், இரண்டும் சரி. ‘இட்’ வந்தால் மட்டும் நடுவில்தான்: ‘டர்ன் இட் ஆஃப்’. ‘டர்ன் ஆஃப் இட்’ என்பது பிழை, அதுவும் கேட்டவுடன் உறுத்துகிற பிழை. ‘தெம்’, ‘ஹிம்’, ‘ஹெர்’, ‘மீ’ எல்லாவற்றுக்கும் இதே சட்டம்: ‘பிக் மீ அப்’, ‘த்ரோ தெம் அவே’. மாறாகப் பொருள் நீண்டுகொண்டே போனால், பின்கட்டில் மாடிப்படிக்குப் பக்கத்தில் நேற்று புதிதாக மாட்டிய விளக்கு என்பதுபோல, வினையையும் பார்ட்டிகிளையும் பிரிக்காமல் ‘டர்ன் ஆஃப்’ என்று முதலிலேயே சேர்த்து வைத்துவிட்டு அப்புறம் விளக்கின் வரலாற்றைச் சொல்வார்கள். இல்லையென்றால் கேட்கிறவர் அந்த ‘ஆஃப்’ வருவதற்குள் களைத்துப்போவார்.

பொருளே வேண்டாத வினைகளும் உண்டு. விமானம் ‘டேக்ஸ் ஆஃப்’, பஸ் ‘பிரேக்ஸ் டவுன்’, பிள்ளைகள் ‘க்ரோ அப்’. இவற்றைப் பிரிப்பதற்கு ஒன்றுமில்லை.

இன்னொரு விளையாட்டும் உண்டு. உண்மையாகவே ஏதோ நகர்கிறது என்றால் பார்ட்டிகிளைத் தூக்கி வாக்கியத்தின் தலையில் வைக்கலாம்: ‘டவுன் கேம் த ரெய்ன்’, கொட்டியது மழை. ‘ஆஃப் வென்ட் த பஸ்’, கிளம்பிவிட்டது பஸ். கதை சொல்லும்போது வேகம் கூட்ட இது நன்றாக இருக்கும். பெயர்ச்சொல் இருந்தால் வினை முன்னால் வரும், ‘ஹி’, ‘இட்’ போன்றவை இருந்தால் வினை பின்னால்தான்: ‘ஆஃப் ஹி வென்ட்’. ஆனால் ‘கிவ் அப்’ போல அர்த்தம் மாறிப்போன ஜோடியில் இந்த வேலை நடக்காது, ‘அப் ஹி கேவ்’ என்றால் யாருக்கும் புரியாது.

அந்தக் குட்டிச் சொல் சொல்வது என்ன

‘அப்’ என்றால் மேலே. ‘ஸ்டாண்ட் அப்’ என்பதில் சந்தேகமே இல்லை. ‘ஸ்பீக் அப்’ என்றால் குரலை உயர்த்து, ‘டர்ன் அப் த வால்யூம்’ என்றால் சத்தத்தைக் கூட்டு. இதுவரை மேலேதான். ‘யூஸ் அப்’ என்றால் தீர்த்துவிடு, ‘ட்ரிங்க் அப்’ என்றால் குடித்து முடி. இங்கே மேலே எங்கிருந்து வந்தது? குழாயடியில் குடத்தை வைத்தால் தண்ணீர் மட்டம் மேலே மேலே ஏறி, வாய் வரை வந்ததும் நிறைந்துவிட்டது என்கிறோம், ஆங்கிலத்தில் அதுதான் ‘ஃபில் அப்’. உயரே ஏறுவது முழுமையில் போய் முடிகிறது. அந்த முழுமை மட்டும் தனியே பிரிந்து ‘ஈட் அப்’, ‘யூஸ் அப்’, ‘டேர் அப்’ என்று மற்ற வினைகளிலும் ஒட்டிக்கொண்டது என்று வைத்துக்கொண்டால் நிறைய ஜோடிகள் பிடிபடும். நம் ‘விடு’வும் இதே காரியத்தைத்தான் செய்கிறது: தீர்த்துவிடு, கிழித்துவிடு.

இதில் ஒரு வேடிக்கை. காகிதம் எரிந்துபோனால் ‘பர்ன்ட் அப்’, வீடு எரிந்துபோனால் ‘பர்ன்ட் டவுன்’. இரண்டிலும் மிஞ்சுவது சாம்பல். காகிதத்தில் பேச்சு மிச்சமில்லாமல் போனதைப் பற்றி, வீட்டில் பேச்சு நின்ற கட்டடம் தரைமட்டமானதைப் பற்றி. அதேபோல் விண்ணப்பப் படிவத்தை ‘ஃபில் இன்’ என்றாலும் ‘ஃபில் அவுட்’ என்றாலும் நிரப்புவதுதான். கட்டங்களுக்கு உள்ளே எழுதுவதை ஒன்று பார்க்கிறது, படிவம் முழுசாவதை மற்றது பார்க்கிறது.

‘ஆஃப்’ என்பதற்கு ‘நிறுத்து’ என்று முதல் அர்த்தம் வைத்துக்கொண்டால் வம்பு. அதன் அடிப்படை, ஒட்டியிருந்தது விலகுவது. சட்டையில் பொத்தான் ‘கேம் ஆஃப்’. செருப்பை ‘டேக் ஆஃப்’. விமானம் தரையை விட்டு விலகினால் அதுவும் ‘டேக் ஆஃப்’. பயணம் கிளம்பினால் ‘செட் ஆஃப்’, ஸ்டேஷனுக்குப் போய் வழியனுப்பினால் ‘சீ சம்ஒன் ஆஃப்’. மின்சாரத் தொடர்பு விலகினால் விளக்கு ‘ஆஃப்’, அந்த ‘நிறுத்து’ இங்கிருந்து வந்தது. பால் நல்ல நிலையிலிருந்து விலகினால் ‘வென்ட் ஆஃப்’. இப்போது அலாரம். சாவி கொடுத்து வைத்த பழைய மேசைக் கடிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: உள்ளே ஸ்பிரிங் இறுக்கிப் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது, நேரம் வந்ததும் பிடி விலகுகிறது, கணகணவென்று அடிக்கிறது. துப்பாக்கியும் பட்டாசும் அப்படித்தான், அடங்கியிருந்தது பிடி விட்டுக் கிளம்பினால் ‘வென்ட் ஆஃப்’. ஆகவே ‘த அலாரம் வென்ட் ஆஃப், ஸோ ஐ டர்ன்ட் இட் ஆஃப்’ என்ற வாக்கியத்தில் எந்த முரணும் இல்லை. தானாகக் கிளம்பியது, நான் அணைத்தேன்.

எல்லா ஜோடியையும் இப்படிப் பிரித்து அர்த்தம் காண முடியுமா? முடியாது. ‘மேக் அப்’ ஒன்று போதும்: முகத்துக்குப் பூசுவதும் அதுதான், கதை கட்டுவதும் அதுதான், சண்டை போட்டவர்கள் சமாதானம் ஆவதும் அதுதான். இதையெல்லாம் ஒரு வாக்கியத்தோடு சேர்த்து நினைவில் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. சூத்திரம் தேடி மெனக்கெட வேண்டாம்.

நம் ஊர் ஆங்கிலத்தில் சறுக்கும் இடங்கள்

நாம் தமிழில் ‘ஃபேனை ஆஃப் பண்ணு’ என்கிறோம். கவனித்தால் அழகான வேலை இது: ‘டர்ன்’, ‘ஸ்விட்ச்’ என்ற வினையைக் கழற்றிப் போட்டுவிட்டு, அர்த்தத்தைச் சுமக்கும் பார்ட்டிகிளை மட்டும் எடுத்து அதற்கு நம் ‘பண்ணு’வை மாட்டிவிட்டோம். தமிழில் ஒரு குறையும் இல்லை. ஆங்கிலம் பேசும்போது ‘ஆஃப் த ஃபேன்’ என்று அப்படியே கொண்டுபோனால்தான் சிக்கல், அங்கே கழற்றிய வினையைத் திரும்ப மாட்டவேண்டும்: ‘ஸ்விட்ச் ஆஃப் த ஃபேன்’.

அடுத்தது ‘கோப் அப் வித்’. ‘ஐ காண்ட் கோப் அப் வித் த ப்ரெஷர்’ என்று ஆபீஸ் மெயில்களில் சர்வ சாதாரணமாகப் பார்க்கலாம். சரியானது ‘கோப் வித்’, நடுவில் ‘அப்’ கிடையாது. அது எங்கிருந்து நுழைந்தது என்று ஊகிப்பது சுலபம்: ‘கீப் அப் வித்’, ‘கேட்ச் அப் வித்’, ‘புட் அப் வித்’, ‘கம் அப் வித்’ என்று வரிசையாக நிற்கும் கூட்டத்தில் ‘கோப்’பும் சேர்ந்துவிட்டது. இந்த மூன்று சொல் கூட்டணியில் நடுவில் இருப்பது பார்ட்டிகிள், கடைசியில் இருப்பது பிரெபோசிஷன். அதனால் ‘இட்’ கடைசியில்தான் வரும்: ‘ஐ காண்ட் புட் அப் வித் இட்’, என்னால் இதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

இதே கூட்டணியில்தான் ‘லுக் ஃபார்வர்ட் டு’வும் இருக்கிறது. கடிதத்தின் கடைசியில் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று எழுதுகிறவர்கள், அந்த ‘டு’வை ‘டு கோ’, ‘டு ஈட்’ என்று வினைக்கு முன்னால் வரும் ‘டு’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது பிரெபோசிஷன் ‘டு’. பின்னால் பெயர்ச்சொல்லோ ‘இங்’ வடிவமோதான் வரும்: ‘டு ஹியரிங் ஃப்ரம் யூ’. சந்தேகம் வந்தால் ‘டு’வுக்குப் பின்னால் ‘யுவர் ரிப்ளை’ என்று போட்டுப் பாருங்கள், பொருந்துகிறது அல்லவா, அப்படியென்றால் பிரெபோசிஷன்.

‘பாஸ் அவுட்’ கொஞ்சம் ஆபத்தானது. ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2018’ என்று நம் ஊரில் சொன்னால் அந்த வருடம் படிப்பை முடித்தார் என்று எல்லோருக்கும் புரியும். அமெரிக்கரிடம் சொன்னால் மயங்கி விழுந்தீர்களா என்று கேட்பார், அவருக்கு ‘பாஸ் அவுட்’ என்றால் நினைவிழப்பது. நாம் சொல்வதும் சும்மா முளைத்ததில்லை. பயிற்சி முடித்த ராணுவ, போலீஸ் அணிவகுப்பை பிரிட்டனிலும் ‘பாசிங் அவுட் பரேட்’ என்றுதான் சொல்கிறார்கள். பயோடேட்டா வெளிநாட்டுக்குப் போகிறதென்றால் ‘கிராஜுவேட்டட்’ என்று எழுதிவிடுங்கள், வம்பே வேண்டாம்.

பேச்சில் சரி, எழுத்தில் ஃபிரேசல் வெர்ப் போடலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சும், அதன் வழியாகவும் நேராகவும் லத்தீனும் ஆங்கிலத்துக்குள் கொட்டின. அதனால் பல காரியங்களுக்கு இரண்டிரண்டு சொல் சேர்ந்தது: வீட்டில் ‘புட் அவுட்’, தீயணைப்புக் கருவியின் மேல் ‘எக்ஸ்டிங்குவிஷ்’, பேச்சில் ‘புட் ஆஃப்’, சுற்றறிக்கையில் ‘போஸ்ட்போன்’. நாம் ஆங்கிலத்தைப் பெரும்பாலும் பாடப்புத்தகத்திலும் ஆபீஸ் கடிதத்திலும் கற்றதால் கனமான சொல் சட்டென்று புரிகிறது, எளிமையான ஜோடிதான் படுத்துகிறது. தலைகீழ் நிலைமை! இதனாலேயோ என்னவோ, ‘போஸ்ட்போன்’ஐப் போலவே ‘ப்ரிபோன்’ என்ற சொல்லையும் இந்தியாவில் தாராளமாகப் புழங்குகிறோம். நல்ல சொல்தான், எனக்குப் பிடிக்கும், ஆனால் லண்டனில் இருப்பவரிடம் மீட்டிங்கை முன்னால் நகர்த்தச் சொல்ல ‘ப்ரிங் இட் ஃபார்வர்ட்’ என்பதே பாதுகாப்பு.

அதற்காக ஃபிரேசல் வெர்ப் எல்லாமே கொச்சை என்று ஒதுக்கவும் கூடாது. ஆராய்ச்சியை ‘கேரி அவுட்’ செய்வது, குழுவை ‘செட் அப்’ செய்வது எல்லாம் அரசாங்க அறிக்கையிலேயே வருகிறது.

கடைசியாகப் பெயர்ச்சொல் வடிவம். செக்கப், மேக்கப், லாக்கப், பேக்கப், பிக்கப், பிரேக்டவுன், கிரிக்கெட்டில் ரன் அவுட் என்று தமிழ் பேசும்போதே நாம் எத்தனையோ ஃபிரேசல் வெர்ப்பைப் பெயராகப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறோம். ஆங்கிலத்தில் பெயராக வரும்போது அழுத்தம் முன்னால் போய்விடும்: விமானம் கிளம்புவது வினையானால் ‘ஆஃப்’ மேல் அழுத்தம், ‘டேக்ஆஃப்’ என்ற பெயரானால் ‘டேக்’ மேல். எழுதும்போது பெயர் பெரும்பாலும் ஒரே சொல்லாக, சிலசமயம் நடுவில் சின்னக் கோடு போட்டு வரும். வினை எப்போதும் இரண்டு சொல். ‘லாகின்’ என்று சேர்த்து எழுதினால் பெயர், உள்ளே நுழையும் வேலையைச் சொன்னால் ‘லாக் இன்’. இறந்தகாலம் வினைச்சொல் மேல்தான் ஏறும், அதாவது ‘லாக்ட் இன்’, ‘லாகின்ட்’ என்று ஒன்று கிடையாது. பன்மை எஸ் மட்டும் கொஞ்சம் படுத்தும். ‘செக்கப்ஸ்’, ‘பிரேக்டவுன்ஸ்’ என்று கடைசியில் போட்டால் சரி, ஆனால் இரண்டாமிடம் வந்தவர்கள் ‘ரன்னர்ஸ் அப்’, ‘ரன்னர் அப்ஸ்’ என்று எழுதினால் தப்பு, ஏனென்றால் அங்கே முதல் பாதி ஆளைக் குறிக்கும் பெயர்ச்சொல், எஸ் அந்த ஆளோடுதான் போகும்.